வாங்கலாமா என்று ஜெர்வின் கேட்டதற்கு

ஜெர்வின்,
நீ கேட்டு ஒன்பது நாளாயிற்று, மன்னித்துக்கொள்.
விலை தொண்ணூறு டாலர், வரி தனி.
நான் அதை அறைகளாகத்தான் எண்ணினேன்:
பதினான்கு அறைகளின் விரிப்பை உருவி
பதினான்கு தொட்டிகளில் யார் யார் முடியையோ பொறுக்கினால்
ஒரு விளையாட்டு.

முதல் நான்கு மணி நேரம் சகிக்காது.
படகோட்டி ஒருவன் கயிறு கேட்பான்.
கொண்டுபோனால் கொக்கி கேட்பான்.
கொக்கியோடு போனால் ஆளைக் காணோம்.
ஊர்க்காரர்களுக்குத் தலைக்கு நான்கே வாக்கியம்
(எங்கள் மோட்டல் மேலாளருக்கு மூன்று,
அதனால் எனக்கு உறுத்தவில்லை).
பனிமலையில் கொன்ற அரக்கன்
சதுப்பில் பச்சை பூசிக்கொண்டு மறுபடி வருவான்.
அதே உறுமல். அதே இடது காலில் பலவீனம்.

அப்புறம் குதிரை கிடைக்கும்.

வரைபடம் முழுக்க மூட்டம்,
நீ போன இடம் மட்டும் விலகும்.
அந்தக் குன்றுக்கு அப்பால் என்ன என்று
யாரையும் கேட்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம்,
கடிவாளத்தைத் திருப்பினால் போதும்.
ஓடை. இடிந்த மணிக்கூண்டு. ஆளில்லாத வயல்.
மழை பெய்தால் பிடரி நனைந்து ஒட்டிக்கொள்ளும்,
அதைக்கூட உட்கார்ந்து வரைந்திருக்கிறான் எவனோ.
முக்கியக் கதையை நான் மறந்தே போனேன்.
அரசனின் மகளை யாரோ கடத்தியிருக்கிறார்கள்.
இருக்கட்டும்.

இங்கே ஸ்விஃப்ட் கரன்டில் மைனஸ் முப்பத்தொன்று.
என் பர்மிட்டில் ஒரே ஒரு முதலாளியின் பெயர்.
அந்தப் பெயரை விட்டால் இந்த நாட்டில்
ஒரு தட்டுகூட நான் கழுவக் கூடாது.
ஜன்னலுக்கு வெளியே பெருஞ்சாலை:
கிழக்கே போனால் கடமான் தாடை என்று ஓர் ஊர்,
மேற்கே போனால் மருந்துத் தொப்பி என்று ஓர் ஊர்.
சத்தியமாக. பலகையில் ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது.
விளையாட்டு செய்கிறவன்கூட இப்படிப் பெயர் வைக்கத் துணியமாட்டான்.
பதினெட்டு மாதமாக இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன்,
இரண்டையும் பார்த்ததில்லை.
லாரிக்காரர்கள் சாவியை வாங்கிக்கொண்டு
இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள்.
வால்மார்ட் என்பேன்.

போன ஞாயிறு தெற்கே போய்க்கொண்டே இருந்தேன்.
மணல். இன்னும் மணல்.
ஓர் இடத்தில் குதிரை தானாக நின்று தலையைத் திருப்பியது.
இதற்கு மேல் போக முடியாது என்று எழுத்து வந்தது.
மேல்கட்டிலில் இருந்து கபிலேஷ் சிரித்தான்:
"திறந்த உலகம்னு சொன்ன?"

எனக்குக் கோபம் வரவில்லை.
நேராகச் சொல்லிவிட்டதே.
என் விண்ணப்பம் பதினோரு மாதமாகப் பரிசீலனையில்.
தினமும் திறந்து பார்க்கிறேன்,
அங்கே ஒரு குதிரையும் தலையைத் திருப்பிக் காட்டுவதில்லை.
அந்த மணல் விளிம்பிலேயே நிறுத்திவைத்து
ஒரு முழுக் கோப்பைத் தேநீர் குடித்தேன்.

கணக்குப் பக்கம் ஒன்று உண்டு.
சவாரி செய்த தூரம்: அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
மருந்துத் தொப்பிக்குப் போய்த் திரும்பியும்
மிச்சம் இருக்கும்.

தகுமா என்று கேட்டாய்.
எனக்குத் தகும். பதினான்கு அறைக்கும் தகும்.
உனக்கு, தெரியவில்லை.
லிசியின் படிப்பால் வந்ததென்றாலும்
உன்னுடையது ஓப்பன் பர்மிட்.
கார் வேறு வாங்கிவிட்டாய்.
தொண்ணூறு டாலருக்குப் பெட்ரோல் போட்டால்
பிராம்ப்டனில் இருந்து எதுவரை போகும் என்று பார்.
போனால் போட்டோ அனுப்பு,
வெறும் சாலையாக இருந்தாலும் சரி.

இல்லை, வாங்கத்தான் போகிறேன் என்றால்
மார்ச் வரை பொறு, பாதி விலைக்கு வரும்.
சந்தையில் வெள்ளைக் குதிரையை எடுக்காதே,
எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.
மூலையில் காது கிழிந்த ஒன்று நிற்கும்.
மெதுவாகத்தான் போகும்.
பாலம் வந்தால் மட்டும் மிரளும்,
கழுத்தில் தட்டிக்கொடு.