பதினேழாம் கேள்வி

நியாபுஷோசியில் மழை பொய்த்த மூன்றாம் வருடம்.
என் மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில்
நூற்றிருபது குழாய், ஐஸ் கட்டி,
இருபத்துநாலு கேள்வி அச்சடித்த தாள்கட்டு.

எத்தனை மாடு என்றால்
இங்கே யாரும் எண் சொல்வதில்லை.
எண்ணினால் குறையுமாம்.
நிறம் சொல்வார்கள், கொம்பின் வளைவு சொல்வார்கள்.
வேலியோரம் நின்று நான் எண்ணிக்கொள்வேன்,
திருடியைப் போல.

கன்று வீசியது உண்டா?
இல்லை என்பார் வீட்டுக்காரர், உடனே.
பால்குடுவைக்குப் புகை காட்டிக்கொண்டே
அவர் மனைவி கிருங்கி
எனக்கு மட்டும் தெரியும்படி
மூன்று விரல் நீட்டுவாள்.
மூன்று என்று எழுதுவேன்.

விழுந்ததை என்ன செய்தீர்கள்?
நாய்க்கு.
இளங்கொடியை எடுத்தது?
வெறும் கை. முழங்கை வரை.
பொலிகாளை யாருடையது?
ஏழு பட்டிக்கும் ஒன்றுதான். நல்ல காளை,
கோபமே வராது.
தண்ணீர்?
ஏரி. எல்லாருக்கும். காட்டெருமைக்கும்.

பால் காய்ச்சுவதுண்டா?
இதற்குச் சிரிப்பார்கள்.
பாலைச் சுடவைத்தால் பசுவின் மடி வெந்துபோகும் என்று
பதினாறு வயதுவரை நானும் நம்பியவள்தான்.
கேட்டு முடித்ததும் ஒரு குடுவை வரும்.
மறுப்பது மரியாதையில்லை.
வயிறு சரியில்லை என்பேன்.
எனக்குத் தீராத வயிற்றுவலி என்று
மாவட்டம் முழுக்கப் பேச்சு.

முப்பத்தோராவது பட்டி அப்பாவுடையது.
ருவாகிஷைஜா, வயது அறுபத்துமூன்று என்று
தெரியாத ஆளைப்போல் முழுப்பெயரும் எழுதினேன்.
பொழுது சாய்ந்தால் அவருக்குக் காய்ச்சல்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.
மலேரியா மாத்திரை நான்கு தடவை ஆயிற்று.
விடிந்தால் சட்டை நனைந்திருக்கும், காய்ச்சல் இருக்காது.

பதினேழாம் கேள்வி:
மூன்று வருடத்தில் வெளிமாடு ஏதும் சேர்ந்ததா?
அவர் என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
"எட்டு," என்றார். "உனக்குத் தெரியாதா."

எட்டு.
கமுகாஷா வீட்டிலிருந்து எனக்கு வந்த பரிசம்.
அதில் அடர்சிவப்பு பிஹோகோ,
கொம்பு இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு கட்டலாம்.
கல்யாணத்தன்று பெண்கள் என்னை விட்டுவிட்டு
அவளைத்தான் பார்த்தார்கள்.
எனக்குக் கோபமில்லை.
நானும் அவளைத்தான் பார்த்தேன்.
அடுத்த மாரியில், ஏழாம் மாதம், கன்று வீசினாள்.
கொடியை எடுத்தது அப்பா.

சேர்ந்த காரணம்: விலைக்கு, இரவல், மற்றவை.
மற்றவையில் குறியிட்டேன்.
விவரம் எழுதப் பக்கத்தில் ஒரு கோடு.

எம்பராரா ஆய்வுக்கூடம். வெள்ளை ஓடு.
ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ரோஜாநிறச் சாயம்,
குச்சியால் கலக்கி நான்கு நிமிடம் ஆட்டவேண்டும்,
பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல.
தெளிவாக நின்றால் பிழைத்தது.
இல்லையென்றால் திரியும்.
பால் திரிந்து பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பிஹோகோ முதல் நிமிடத்திலேயே திரிந்தாள்.
பிறகு ஐந்து.
மூன்று என் எட்டில்.
இரண்டு அப்பாவின் பட்டியிலேயே பிறந்தவை.
எங்கும் போகாதவை.

அறிக்கையில் இதெல்லாம் ஒரே வரியாகிவிடும்:
வெளிமாடு சேர்த்த பட்டிகளில் நோய் அதிகம்.

"திருப்பி அனுப்பிவிடலாமே," என்றான் தம்பி.
அப்பா தலையசைத்தார்.
மாடு திரும்பினால் பெண்ணும் திரும்பவேண்டும்.
கசாப்புக்காரன் வந்து
பாதி விலை சொல்லிப் போனான்.
பிஹோகோ வேலிக்கம்பில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அவளைப் பார்த்தால் நோயாளி என்று யார் சொல்வார்?

அப்பாவுக்கு ஆறு வார மாத்திரை கொண்டுபோனேன்.
மாட்டை எண்ணாதவர்
மாத்திரையை எண்ணி வாங்கிக்கொண்டார்.
புருஷன் வீட்டில் சொன்னாயா என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பதினேழாம் கேள்வியின் கோடு
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
நாளைக்கு ஏரிக்கு அந்தப்பக்கம் ஆறு பட்டி.
பெட்ரோல் போடவேண்டும்.