எடை நின்ற நாள்

சத்தம் தயார்.
ஏழாயிரத்து எண்ணூறு சுற்று,
தலைமுடியைவிட மெல்லிய கம்பி,
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்.
தண்ணி மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் காயில் கட்டும் கை
ஒரு கிட்டாரின் தொண்டையைக் கட்டி
பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டிருக்கிறது.
உடம்பு இல்லை.

ராமநாதபுரத்தில் சீனி நைனா டிப்போ.
தேக்கு கன அடி என்ன விலை என்றேன்.
வாயால் சொல்ல மனசு வராமல்
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
"கட்டிலா, நிலையா?"
கிட்டார் என்றேன்.
கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தொண்டியில் படகு பிரிக்கும் இடத்தில்
வாகைப் பலகை சும்மாவே எடுத்துக்கொள் என்றான் சூசையருள்.
நல்ல அகலம். தட்டினால் பேசியது.
நாக்கு நுனியால் தொட்டேன்: உப்பு.
இருபது வருசம் கடல் குடித்த பலகை
ஈரக்காற்று வந்தால் வியர்க்கும்,
என் செம்பு பச்சை பிடிக்கும்.
"பலகைய நக்கிப் பாக்குற ஆள
இப்பத்தான் பாக்குறேன், சம்மனசு."

ஐஸ் கம்பெனிக்குக் கம்ப்ரசர் வந்த பெட்டி, பைன்.
நகம் பட்டால் பள்ளம்.
வேம்பு, அறுத்த மறுவாரமே முறுக்கிக்கொண்டது.
பூவரசு எல்லார் வாசலிலும் நிற்கிறது;
வெட்டித் தர யாருக்கும் மனசில்லை,
கேட்க எனக்கும் வாயில்லை.

"கரண்டு கிட்டாருக்கு எந்த மரமா இருந்தா என்னக்கா,
சத்தம் காயில்லதான?"
கோவிலில் கீபோர்டு வாசிக்கும் ரூபன் கேட்டான்.
எனக்குத் தெரியாததா.
ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு
ஏறக்குறைய ஒரு சிமெண்டு மூட்டை.
வளையாமல் தாங்கணும்,
திருகாணியைக் கடித்தால் விடக்கூடாது.
அவ்வளவுதான்.
ஆனாலும் கண்ணில் பட்டதையெல்லாம்
விரலை மடக்கித் தட்டிக்கொண்டிருந்தேன்,
ஒரு தடவை பஸ்ஸில் முன்சீட்டின் முதுகை,
அதில் ஆள் இருக்கும்போதே.

உப்பூர் தாண்டி வழிவிட்டானின் கரிமூட்டம்.
வேலி ஏறி, கண்மாய் ஏறி,
கோர்ட்டுப் படியும் ஏறிய சீமைக்கருவேலம்
மண் பூச்சுக்குக் காத்துக் கிடந்தது.
நேராக உள்ளது வேணும் என்றேன்.
"நேரா இருந்தா இது ஏன்த்தா கரியாவுது?"
டன் கணக்கு விலையை
எனக்காகக் கிலோ கணக்காக்கி ஆறு ரூபாய்.
ஏழு தடி. ஆறங்குலத்துக்கு மேல் அகலம் ஒன்றிலும் இல்லை.
ஒட்டித்தான் சேர்க்கணும்.
ரம்பத்தின் பல் போச்சென்று
அறுத்தவர் இருபது ரூபாய் கூடக் கேட்டார்.
வெட்டு முகத்தில் கருப்பட்டி நிறம்.
கொடுத்துவிட்டேன்.

வார்னிஷ் போட்ட காயிலைக் காயவைக்கும் தகரப் பெட்டி,
உள்ளே ரெண்டு குண்டு பல்பு.
அதில் ஏழு பலகையும்.
ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
செம்பு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாய் ஏற்றி
பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதுவேன்.
கச்சான் அடித்த மாதங்களில் மளமளவென்று இறங்கியது.
கொண்டல் திரும்பிய வாரம்
நாலாம் பலகை எட்டு கிராம் ஏறியிருந்தது,
கடலிடம் கடன் வாங்கிக் குடித்துவிட்டு
எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு.
ஒரு ராத்திரி பெட்டிக்குள் வெடிச் சத்தம்.
ஆறாவது, நுனியிலிருந்து அடிவரை.
அதில் ஒரு வாரம் வெந்நீர் போட்டேன்.

போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும்
இந்த ஞாயிறும் அதே எண்கள்.

பசை டப்பாவை இன்னும் திறக்கவில்லை.
பொறுக்காமல்
நாலாம் பலகையில் ரெண்டு ஆணி அடித்து
ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டினேன்.
அடியில் காயில்.
கடை ரேடியோவின் பின்னால் ஒயரைச் செருகி
கட்டைவிரலால் ஒரு தட்டு.

மோட்டார் வாங்க வந்தவர்
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"என்னம்மா, எர்த் அடிக்குதா?"

அடிக்குது என்றேன்.