பென்சில் எழுத்து

எனக்குப் பழையதுதான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
'கிருபை' என்று வாசித்தால் உள்ளே ஏதோ அசையும்.
'அருள்' என்றால்
அடுத்த வீட்டு அருளம்பலத்தின் சைக்கிள்தான் ஞாபகம் வரும்.

தொண்ணூற்றைந்தில் எல்லாரும் உடுப்புக் கட்ட
நான் கோயில் புத்தகத்தை
உரப்பையில் சுற்றித் தூக்கினேன்.
நாவற்குழிப் பாலத்தில் மழை.
எரேமியாவில் தொடங்கிப் புலம்பல் வரை
தாள்கள் இன்னமும் நெளிந்துதான் கிடக்கின்றன.

போன வெள்ளி, பண்டத்தரிப்பில்,
சபைக் கூட்டம்.
மூன்றாம் தீர்மானம். பிரேரித்தவர் ஸ்பென்சர் மாஸ்டர்,
கணக்குப் படிப்பித்த அதே குரலில்:
பழைய மொழிபெயர்ப்பு மட்டுமே வேதம்.
மற்றதை இங்கே வாசிப்பவர்
சத்தியத்துக்கு விரோதி.

ஆமோதிப்பவர் எப்சிபா அக்கா என்று
என்னைக் கேளாமலே எழுதிக்கொண்டார் செயலாளர்.
நியாயம்தானே.
நாற்பது வருடம் வாசித்த வாய்.

சுபாங்கி கடைசி வாங்கில் இருந்தாள்.
மானிப்பாயில் தேர் இழுக்கிற வீட்டுப் பிள்ளை,
ஞானஸ்நானம் எடுத்து ஐந்து வருடம்,
வாசிப்புப் பட்டியலில் பெயர் ஏறியது இந்தத் தையில்.
'தேவன்' என்றால் அவளுக்கு
இந்திரனோடு வரிசையில் நிற்கிற யாரோ ஒருவர்.
'கடவுள்' என்றால்தான் ஒருவரே.
கிணற்றடியில் பூச்சாடி கழுவுகையில்
இதைச் சொன்னாள் ஒருநாள்,
மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

எழும்பினேன்.
எனக்குப் பேசத் தெரியாது, வாசிக்கத்தான் தெரியும்.
"எனக்குப் பழையதுதான் மாஸ்டர்" என்றேன்.
"அது எனக்கு" என்றேன்.
இருந்துவிட்டேன்.

பதினாலுக்குப் பதினொன்று. நிறைவேறியது.
பதினொன்றில் என் கையும் ஒன்று.

மாஸ்டர் கெட்டவரல்ல.
வீடு, மகன், ஒரு காது
எல்லாம் ஷெல்லுக்குக் கொடுத்தவர்.
அசையாமல் ஒன்று வேண்டும் அவருக்கு.
எனக்கும் வேண்டும்.
ஆனால் நான் ஊன்றி நடக்கிற தடியை எடுத்து
அவளின் படலைக்குத் தாழ்ப்பாளாய்ப் போட
மனம் வரவில்லை.

இன்று ஞாயிறு.
பட்டியலில் சுபாங்கியின் பெயருக்கு மேல் ஒரு கோடு.
பக்கத்தில், சிவப்பு மையில், என் பெயர்.

திறக்கிறேன்.
இந்தப் பக்கத்தில், 'தேவன்' என்ற அச்சுக்கு மேலே,
யாரோ எந்தக் காலத்திலோ
பென்சிலால் சின்னதாய் எழுதிய சொல்: பராபரன்.
இந்தப் பழையது புதிதாய் வந்திறங்கிய நாளில்
நாக்குத் திரும்பாத ஒருவர்.
ஆணோ பெண்ணோ தெரியாது.
அழித்துவிடச் சொன்னார்கள் முன்பு ஒருமுறை.
அழிறப்பர் கொண்டுவர மறந்துபோனேன்,
பிறகும் மறந்துகொண்டே இருந்தேன்.
நாற்பது வருடமாய்க் கண்ணால் மட்டும்
தாண்டிப் போன சொல்.

இன்று அதை வாசித்தேன்.

தீர்மானத்தில் சொன்ன புத்தகம்தான் மாஸ்டர்.
அதில் இருப்பதைத்தான்.

கடைசி வாங்கில் ஒரு தலை நிமிர்ந்தது.
மாஸ்டரின் நல்ல காது
மெல்ல என் பக்கம் திரும்பியது.
வசனம் இன்னும் முடியவில்லை.