பைலட் கப்பலில், 04:10

கயிற்றேணியில் ஒன்பது மீட்டர்.
கீழே படகு ஒரு முறை எழும்பி விலகிக்கொண்டது.
மேலே டார்ச் அடித்த பையன்
என் தலையைத் தாண்டி இருட்டுக்குள் தேடினான்,
பைலட் எங்கே என்று.
நான்தான் என்றேன்,
நானும் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு.

டர்பன் துறைமுகத்தில் எனக்கு இது
நானூற்றுப் பன்னிரண்டாவது கப்பல்.
முதல் கப்பலன்று காற்றில்லை.
இரண்டாவதற்கு இழுவைப்படகில் நல்ல ஆள்.
அந்தக் கார் கப்பல் சுவர்போல் சாய்ந்து வந்த இரவில்
நீரோட்டம் தானாக மனம் மாறியது.
ஒவ்வொன்றுக்கும் வேறு யாருக்கோ
நன்றி எழுதி வைத்திருக்கிறேன்.
நானூற்றுப் பதினொரு தடவை.
அதிர்ஷ்டத்துக்கும் கை வலிக்காதா?

சாட்ஸ்வொர்த்தில் அம்மா
காவடி முடிந்து சோறு போடும் வரிசையிலும் சொல்வாள்:
"என் சலோஷினி கப்பல் ஓட்டுறா."
ஓட்டவில்லை அம்மா, வழி சொல்கிறேன்.
"தெரிஞ்சுதானே சொல்றே?"
அப்போது நான் இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்பேன்.

சுக்கான் அறையில் விளக்கெல்லாம் அணைத்திருக்கிறது.
ராடாரின் பச்சை மட்டும் முகங்களில்.
கேப்டன் என் பையைப் பார்க்கிறார், காலணியைப் பார்க்கிறார்,
காப்பி வேண்டுமா என்கிறார்.
இன்றைக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும்.
அலுவலகத்திலிருந்து யாரோ ரேடியோவில் கூப்பிட்டு
மன்னிக்கவும், பெயர்க் குழப்பம்,
வேறொரு வடிவேலுவை அனுப்பியிருக்க வேண்டும் என்பார்கள்.
வாய் உலர்கிறது.
தென்கிழக்கு அலை பின்பக்கத்தைத் தூக்கிப்
பச்சை விளக்கின் பக்கம் தள்ளுகிறது.

"இடது பத்து."

சுக்கான் பிடித்திருப்பவன்
விதிப்படி திருப்பிச் சொல்கிறான்:
"இடது பத்து."
அவன் வாயிலிருந்து வரும்போது அதில் நடுக்கமில்லை.
நான் சொன்ன எண்தான்.
என் தொண்டையில் இருந்தவரை
ஆள்மாறாட்டம் போலிருந்தது.
அறுபதாயிரம் டன் அதைக் கேட்டு
மெல்ல முகம் திருப்புகிறது.

"நேராக."
"நேராக."
"இப்படியே."
"இப்படியே."

பயம் போகவில்லை.
போகட்டும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன் எனலாம்,
அதுவும் முழு உண்மையில்லை.
இன்றைக்கு அதைக் கண்ணாடியருகே நிறுத்தி
பிளஃப் குன்றின் விளக்குகளை எண்ணச் சொன்னேன்.
எண்ணிக்கொண்டிருக்கிறது.
சில நாள் எண்ணாமல் வந்து முதுகில் ஏறும்.

மேடன் வார்ஃபில் கடைசி வடம் கட்டியானதும்
விளக்கைப் போட்டார்கள்.
என் காப்பி தொடாமல் ஆறிப்போயிருந்தது.
கேப்டனுடையதும்.
இருவரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பதிவேட்டில் இரண்டே வரி:
பைலட் ஏறியது 04:10.
இறங்கியது 05:35.
கையெழுத்துப் போடும் முன்
அச்சிட்டிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
என்னுடையதுதான்.