பித்தளை முனை

டேட்டன் தாண்டி ஸீனியா போகும் சாலை.
முதுகில் நீலமும் சிவப்புமாய் வெளிச்சம்.
ஓரம் கட்டினேன்.

"டிக்கியைத் திறங்க, மிஸ் பிரிக்ரில்."
டெபுடி ஹோல்ஸ்வொர்த். தாடையை அசைக்காமல் பேசினார்.
உள்ளே பத்து பவுண்டு நீலச் சிலிண்டர்,
கைக்குழந்தையைப் போல் இரண்டு பட்டைகளில்.
குழாய் கழன்று தனியே கிடந்தது.
ஒஹாயோ கேட்பது அவ்வளவுதான்:
வாயு வண்டியில் இருக்கலாம்,
எஞ்சினோடு தொடுப்பு கூடாது.
விவாகரத்தானவர்கள்
வாடகை மிச்சம் என்று
ஒரே வீட்டில் இருப்பதுபோல.

பகலில் எனக்குப் பல் ஆஸ்பத்திரி வேலை.
இதே வாயுதான், கந்தகம் கலக்காதது.
பயந்தவர்கள் மூக்கில் ரப்பர் கவசம் வைத்து
மெல்லத் திருகுவேன்.
கூரையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
அதற்கு என் பெயரில் சான்றிதழ்,
சுவரில், சட்டம் போட்டு.

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார்.
குழாயின் பித்தளை முனையில்
வெள்ளையாய் உறைபனி.
ஜூலை மாதம்.
நள்ளிரவிலும் சட்டை முதுகில் ஒட்டுகிற ஜூலை.

விரலால் தொட்டார்.
விரலைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.

குழாயைப் பற்றிச் சட்டத்தில் இருக்கிறது.
பனியைப் பற்றி ஒரு வரி இல்லை.
லாரி ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று.
முனையிலிருந்து ஒரு சொட்டு
கார்ப்பெட்டில் விழுந்தது.

டிக்கியை அவரே சாத்தினார்.
இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு,
"வியாழக்கிழமை ஒன்பது மணிதானே?"

"ஒன்பதரை," என்றேன்.
"காலையில் அதிகம் சாப்பிடாதீங்க."