ஒரு கரண்டி பற்று

மொட்டைக் கடிதம், நான்கே வரி.
கோனாபட்டு, பெரிய வீடு,
இரும்புப் பெட்டி அறையில் சாராயம்.
"அவசரம்" என்பதன் கீழே இரண்டு கோடு.

மறுநாளே போனோம்
நானும் ஏட்டு பூலோகமும்.
ஜீப் குலுங்கும் போதெல்லாம்
மடியிலிருந்த கண்ணாடி அளவைக்குழலைப்
பிள்ளை போல் பிடித்துக்கொண்டேன்.
சித்திரை. செம்மண் சட்டியாய்ச் சுட்டது.

வாசலில் நின்றவள் மெய்யம்மை.
நாற்பது இருக்கும். முழங்கை வரை ஊதா.
ஓடவில்லை, ஒளிக்கவில்லை.
"செருப்பைக் கழற்றிட்டு வாங்க.
எந்தக் காட்டு மருந்து ஒட்டியிருக்கோ" என்றாள்.

முதல் கட்டு, இரண்டாம் கட்டு.
வெறுங்காலுக்குத் தரை சில்லென்றது.
"இத்தாலிக் கல்.
அந்த ஊரில் கோட்டை மாதிரி வீடுகளுக்கு அடியிலே
திராட்சை ரசம் நூறு வருஷம் தூங்குமாம்.
கல்லை ஏற்றிய கப்பலில்
அந்த வித்தையை மட்டும் ஏற்ற மறந்துட்டாங்க."

வட்டி குட்டி போட்ட அறை அது.
கதவுக்கு மட்டும் எட்டுச் சாவி.
உள்ளே இருட்டில் ஏழு பர்மா ஜாடிகள்
வாயில் வெள்ளைத் துணி கட்டி
பத்தியக்காரர்கள் போல் உட்கார்ந்திருந்தன.
காதை வைக்கச் சொன்னாள்.
தூரத்துத் தகரக் கூரையில்
தூறல் தொடங்குகிற சத்தம்.

"ஈஸ்ட் எங்கே வாங்கினீங்க?"
"வாங்கலை.
பழத்தின் மேல் திருநீறு பூசின மாதிரி இருக்குமே,
அதுதான் வேலை செய்யுது.
கழுவினால் போயிடும்,
மருந்தடித்தால் செத்துடும்."

ஊரணிக் கரையில் இரண்டு ஏக்கர் பந்தல்.
பன்னீர்த் திராட்சை.
கம்பத்திலிருந்து வந்த ராசையா
கைத்தெளிப்பானில் புளித்த மோர் அடித்துக்கொண்டிருந்தான்.
இருபது வருஷம் விஷம் அடித்து
மூக்கு செத்துப் போனவன்.
இங்கே வந்த இரண்டாம் வருஷம்
யார் வீட்டிலோ கருவாடு வறுக்கிற வாசம் ஏற,
அழுதேவிட்டானாம்.

பேரேட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.
மயில் பற்று, கிலோ நாற்பது.
வவ்வால் பற்று, கிலோ பதினெட்டு.
தெற்கே முந்திரிக் காட்டுக்காரர் தெளித்த நாள், காற்றின் திசை,
அதனால் வெட்டி எரித்த கொடி ஆறு.
இருபத்தாறு பங்காளிகளிடம்
இந்த ஓர் அறைக்குக் கையெழுத்து வாங்க
நடந்த நடை, பேருந்துக் கட்டணத்தோடு.
மயில் பக்கத்தில் வரவே இல்லை.
"வசூல் பண்ணலையா?" என்றார் பூலோகம்.
"பற்று இருக்கட்டும்" என்றாள்.

குழலை இறக்கினேன். எட்டு சதவீதம்.
"இது குற்றம்."
"இன்றைக்கு.
துணியைத் தளர்த்திக் காற்றை விட்டால்
ஆடியிலே காடி. ஊறுகாய்க்கு ஊற்றுவீங்க.
எந்த ராத்திரி அது இதாகுதுன்னு
உங்க புத்தகத்தில் போட்டிருக்கா?"

புரட்டினேன்.
விதி இருந்தது, உட்பிரிவு இருந்தது,
ராத்திரி இல்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது
பேரேட்டின் "ழ".
வால் சுருண்டு மேலேறி
அடுத்த எழுத்தைக் கொத்துகிற அதே ழ.
பையிலிருந்த கடிதத்தை எடுத்துப்
பக்கத்தில் வைத்தேன்.

அவள் சிரிக்கக்கூட இல்லை.
"இயற்கை விளைச்சல்னு சான்று கேட்டிருந்தேன்.
அரசாங்க அளவு ஒன்று வேணும்னு சொன்னாங்க.
மூன்று தடவை மனுப் போட்டேன்,
மூன்று வருஷம் யாரும் வரலை.
மொட்டைக் கடிதத்துக்கு மறுநாளே ஜீப் வருது."

சோதனை என்றால் சோதனைதானே.
ஒரு கரண்டி எடுத்தேன்.
முதலில் புளிப்பு, பின்னால் துவர்ப்பு,
அதற்கும் பின்னால் ஒன்று வந்தது,
அதைப் பஞ்சநாமாவில் எழுத
எனக்குச் சொல் கிடைக்கவில்லை.
பூலோகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
கரண்டி தன் பக்கம் வரும் என்று.

"காடி. இன்னும் ஆகவில்லை.
ஆடியில் மறு ஆய்வு."
எழுதிக் கையெழுத்திட்டு எழுந்தபோது
மெய்யம்மை பேனாவை மூடாமல் இருந்தாள்.
எட்டிப் பார்த்தேன்.

மயிலுக்கும் வவ்வாலுக்கும் கீழே,
மை காயாமல்:

சர்க்கார் பற்று, கரண்டி ஒன்று.