கிளட்ச் வயர்

பூம்பாறை பஸ் திரும்பும் வளைவில்
என் பட்டறை.
அறுந்த கிளட்ச் வயர்களை நான் எறிவதில்லை,
ஆணியில் சுருட்டி மாட்டிவைப்பேன்.
யாராவது வருவார்கள்.
'வேலி கட்டணும், ஒண்ணு குடு.'
வேலி கட்டுகிறவன் முகம் பார்த்துப் பேசுவான்.
இவர்கள் ஆணியைப் பார்த்துப் பேசுவார்கள்.
ஒரு டீக்காசு.
எதற்கென்று நான் கேட்டதில்லை.

மார்கழி பிறந்து
ஆறு கோழி போயிற்று.
ஏழாவது அடையில் இருந்தது,
முட்டைகளோடு போயிற்று.
இறகுகளைக் கூட்டி அள்ளியபடி ஜெயக்கொடி சொன்னாள்:
'நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன,
நம்ம கூட்டுக்குள்ள போகாம இருந்தாச் சரி.'
அவள் பழமொழியைத் திருத்தினால்
அது எனக்கு வேலை.

கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன்.
கண்ணி வைத்ததில்லை.
சுருக்குப் போடத் தெரியும் என்பதெல்லாம்
ஒரு தெரிதலா?

முதல் இரவு
பூண்டுக்காட்டு வரப்பில் வைத்தேன்.
காலையில் புல்லெல்லாம் உறைபனி.
நூல் பிடித்தாற்போல் நேராக வந்த தடம்
வயருக்கு நான்கடி முன்னால் நின்று,
யோசித்து,
சுற்றிக்கொண்டு போயிருந்தது.
என் உள்ளங்கை ரேகையெல்லாம் கிரீஸ்.
எனக்கு இருபது வருடமாக மணக்காதது
அதற்கு மணந்துவிட்டது.

இரண்டாம் இரவு
சோப்புத்தூள் போட்டுக் கழுவி வைத்தேன்.
அது வந்து எதிரே உட்கார்ந்திருந்தது.
உட்கார்ந்த இடத்தில் மட்டும்
பனி உருகியிருந்தது.
எட்டாவது கோழி.

மூன்றாம் நாள்
பூண்டுத்தோல் புகையில் வாட்டி வைத்தேன்.
விடியுமுன் போய்ப் பார்த்ததில் மாட்டியது:
என் இடது செருப்பு,
உள்ளே நான்.

அப்புறம்தான் புத்தி வந்தது.
நான் நடக்கிற வழியில் வைத்திருக்கிறேன்,
அது நடக்கிற வழி வேறு.
வாட்டில் மரங்களுக்குள்
கையும் காலும் ஊன்றிப் புகுந்தேன்.
நல்லவேளை, ரோட்டில் ஆளில்லை.
நான்கு காலில் பார்த்தால்
காடு முழுக்க வாசல்.
ஒரு வாசலில் நுழைந்தபோது
தாடைக்கு நேரே
வயர்.

துருவேறியது. என்னுடையதில்லை
என்று நினைத்தேன்.
நுனியில் ஈயக் குமிழ்.
அதில் அரத்தால் போட்ட மூன்று கோடு.
ஈயம் ஊற்றிய கையோடு
மூன்று கோடு போடுகிறவன்
இந்த மலையில் நான் ஒருவன்தான்,
கைராசிக்கு.

சுருக்கில் ஒரு கொத்து மயிர்.
கீழே சருகுக்குள் தாடை எலும்பு.
நரியோ, நாயோ, கேளையாடோ,
எனக்குப் பல் பார்க்கத் தெரியாது.
மரத்தைச் சுற்றிப் பட்டை உரிந்து
வண்டிச்சக்கரம் தேய்த்தாற்போல் ஒரு வளையம்.
எத்தனை சுற்று ஓடியது?
மரத்துக்கு மீட்டர் கிடையாது.

ஒரு டீக்காசு.
யாருக்குக் கொடுத்தேன் என்று
ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன்.
ஆணியைப் பார்க்கும் முகங்கள்,
எல்லாம் ஒரே மாதிரி.

இரண்டையும் அவிழ்த்து எடுத்துவந்து
விரல் நீளத்துக்கு வெட்டினேன்.
ஆணியில் தொங்கியவற்றையும்.
கட்டர் வாய் மழுங்கிவிட்டது.
சாயந்திரம் சின்னக்காளை வந்தான்.
'வேலிக்கு ஒரு வயர்…'
'வேலி எத்தனை அடிடா?'
அவன் வெற்று ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தோம்,
பூண்டு விலையைப் பற்றிப் பேசினோம்.

கூட்டுக் கதவுக்குப் பழைய ஸ்டாண்டு ஸ்பிரிங்
இழுத்து மாட்டினேன்.
திறந்தால் தானே அறையும்,
ஜெயக்கொடியின் விரலை இரண்டு தரம் அறைந்தது.
அதற்கு வாங்கிய பேச்சைச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாவது கோழியும் போனது,
அது கீரி. அது வேறு கணக்கு.

இன்று காலை கதவுக்கு எதிரே
பனியில் உருகிய ஓர் இடம்.
குனிந்து கை வைத்துப் பார்த்தேன்.
ஜில்லென்றுதான் இருந்தது.
எழுந்து, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய்
மோந்து பார்த்தேன்.
எனக்கு இன்னும் ஒன்றும் மணக்கவில்லை.